குடை வலையும் ஒரு வாளி மணலைக் குஞ்சும்

எங்கள் வீட்டு பிரிட்ஜின் மேல்தட்டில் இப்போது 11 பொதிகள் கிடக்கின்றன. பொதிக்குப் பத்து மீன். எல்லாம் மணலைக் குஞ்சுகள், சுண்டுவிரலை விடக் கொஞ்சம் நீளம், உப்புப் போட்டுப் பதப்படுத்தியவை. மேலே கறுப்பு மார்க்கரால் ‘தூண்டிலுக்கு, சாப்பாட்டுக்கு அல்ல’ என்று எழுதியிருக்கிறேன். அப்படி எழுத வேண்டி வந்த கதை பின்னால் வரும். பக்கத்தில் அம்மா ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருக்கிறார்: ‘வெள்ளிக்கிழமை இந்தத் தட்டைத் திறக்க வேண்டாம்.’

தொடங்கியது ஜனவரியில், கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மச்சானின் வீடியோ அழைப்பு ஒன்றில். மனைவியின் தம்பி. ஆள் சிம்கோ ஏரியின் நடுவில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் குந்தியிருக்கிறார். கண்ணுக்கெட்டியவரை வெள்ளை. காலடியில் ஐஸில் துளைத்த ஒரு வட்டம், நம்முடைய சோற்றுப் பானையின் வாயளவு. சுருக்கி மடித்த ஒரு வலையை அதற்குள் விட்டார். உள்ளே போனதும் அது குடைபோல விரிந்ததாம். மேலே பாண் தூளைத் தூவினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கயிற்றை மளமளவென்று இழுத்தார். துளைக்குள்ளால் வெள்ளிக் காசைக் கொட்டினதுபோல ஒரு பிடி பொடி மீன் துள்ளிக்கொண்டு வந்தது.

“இது இரைதான் அத்தான். மீன் பிடிக்கிறது இனித்தான்” என்றார்.

அந்தப் பொடி மீனுக்கு எமரல்ட் ஷைனர் என்று பெயர். அதைக் கொக்கியில் கொழுவி லேக் ட்ரவுட், வைட்ஃபிஷ், பேர்ச் எல்லாம் பிடிக்கிறார்கள். தெளிந்த ஐஸ் குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பாகும்வரை ஏரியில் கால் வைப்பதில்லை என்றார். ஒன்ராறியோ விதிகளையும் ஒப்புவித்தார். உரிமம் வேண்டும், கையில் 120 இரை மீனுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, வலை ஒரு பக்கம் 183 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது, பகலில் மட்டும் போடலாம். எனக்கு விதிகளை விட அந்த வலைதான் கண்ணில் நின்றது. அதன் எலும்புக்கூட்டை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கதவோரத்தில், காலிமுகத்திடல் காற்றில் துணி கிழிந்த ஒரு பழைய கறுப்புக் குடையாக.

எனக்கு ஏன் இரை மீன் வேண்டும் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் இருக்கிறேன், ஞாயிறுகளில் தூண்டில் போடுவேன். களனி கங்கை கடலோடு சேரும் முகத்துவாரப் பக்கம், காக்கைத்தீவுக் கரை, இதுதான் என் எல்லை. கொடுவாவும் பாரையும்தான் ஆசை. இரண்டுக்கும் சின்ன மணலைதான் விருப்பமான தீனி. இவ்வளவு நாளும் சந்தையில் சாளை வாங்கிக் குத்திக்கொண்டிருந்தேன். சந்தைச் சாளை நல்ல மீன்தான், சொதிக்கு. தூண்டிலுக்கு அது சரிவராது. வயிறு இளகியிருக்கும், எறியும்போது கொக்கியை விட்டுக் கழன்று தனியாகப் பறக்கும். மீன் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வெறும் கொக்கியோடு காத்திருப்பது ஒரு தனி அனுபவம்.

வீச்சு வலை வாங்கலாமே என்று கேட்பீர்கள். எறிந்து பார்த்திருக்கிறேன். என் கையில் அது வட்டமாக விரியாது, வாழைப்பழம்போல விழும்.

சரி, குடை.

மூன்றாக மடிக்கிற குடை இதற்கு ஆகாது. கம்பிகளில் மூட்டுகள் அதிகம், ஒவ்வொரு மூட்டும் உப்புத் தண்ணீரில் ஒவ்வொரு தலைவலி. பழைய நீட்டுக் குடைதான் வேண்டும். என்னுடையதில் எட்டுக் கம்பிகள், கம்பிக்கு 60 சென்ரிமீற்றர், விரித்தால் குறுக்களவு ஒரு மீற்றர் வரும். துணியைப் பிளேட்டால் பிரித்தேன். எறியவில்லை. அந்த எட்டு முக்கோணத் துண்டுகளில் ஒன்றை வைத்துத்தான் வலையை வெட்டினேன், ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் கூட விட்டு. அப்படிக் கூட விட்டால்தான் வலை கம்பிகளுக்குக் கீழே சட்டிபோலத் தொங்கும். இழுத்துக் கட்டினால் அது வலையல்ல, சல்லடைத் தட்டு. மீன் அதன்மேல் நடந்துபோய்விடும்.

கம்பி ஒவ்வொன்றின் நுனியிலும் துணியைத் தைக்க ஒரு குட்டித் துளை இருக்கும். இதுவரை கவனித்ததில்லை என்றால் உங்கள் குடையை எடுத்துப் பாருங்கள். அந்தத் துளைக்குள் தங்கூசியை, அதாவது தூண்டில் நைலோன் நரம்பை, மூன்று சுற்று விட்டு வலையின் விளிம்பைக் கட்டினேன். தங்கூசி வழுக்கும், சாதாரண முடிச்சு நிற்காது. முடிச்சை எச்சிலில் நனைத்து இறுக்கி, மிச்ச நுனியைத் தீக்குச்சியால் லேசாகச் சுட்டு ஒரு மொட்டு வைத்தேன். எட்டு முடிச்சுக்கு ஒரு பின்னேரம் போனது. இரண்டு இடத்தில் மொட்டோடு சேர்த்து வலையையும் சுட்டுவிட்டேன். அந்த ஓட்டைகளைத் தைத்ததை வேலைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிடியை இரும்பு வாளால் அறுத்தேன், நடுத்தண்டு மட்டும் மிச்சம். முழுதாக எடுக்க முடியாது. குடையை விரிக்கும்போது தண்டில் மேலே போகிற ஒரு சின்னக் குழாய் இருக்கிறதல்லவா, அது ஓட இடம் வேண்டும். தண்டின் உச்சியில் துளை போட்டு ஒரு இரும்பு வளையம், வளையத்தில் பத்து மீற்றர் நைலோன் கயிறு. வலையின் நடுவில் ஈயக்குண்டு, அதன் பக்கத்தில் ஒரு சீலைத் துண்டில் முடிந்த பாண். ஐஸுக்குள் இறக்கும் வலைக்கும் இதற்கும் வேலையில் வித்தியாசமே இல்லை. அவருக்கு அது துளைக்குள்ளால் போக மடிய வேண்டும். எனக்கு அது ஓட்டோவுக்குள் போக மடிய வேண்டும்.

முதல் ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கரையில் நின்றேன். கையில் றப்பர் உறை, காலில் பூட்ஸ். பார்ப்பவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். கொழும்பின் கால்வாய்த் தண்ணீர் வந்து கலக்கும் இடம் அது, எலிக்காய்ச்சல் வந்தால் மீனோடு போகாது.

அன்று நான் கட்டியிருந்தது நுளம்பு வலை. வீட்டில் சும்மா கிடந்தது, செலவில்லை. அதுதான் பிழை. கண் அவ்வளவு சின்னதானால் தண்ணீர் வடியாது. இழுக்க இழுக்கக் கல்லைத் தூக்குகிற மாதிரி. தண்ணீர் கண்ணுக்குள்ளால் போக வழியில்லாமல் விளிம்பைத் தாண்டி வழிகிறது, வழிகிற தண்ணீரோடு மீனும் வெளியே. வலை மேலே வரும்போது மீன் வந்ததையும் கண்டேன், போனதையும் கண்டேன். பதினைந்து தரம் இழுத்தேன். ஒரு இறால், இரண்டு நண்டு, ஒரு ஷம்போ பைக்கற்று.

பக்கத்தில் ஒரு வயதான சிங்கள ஐயா வீச்சு வலையோடு வந்தார். என் குடையைச் சுற்றிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வலையின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி எறிந்தார். தண்ணீரில் விழுந்தது ஒரு முழு நிலா. இழுத்தால் நாற்பதுக்குக் குறையாத மீன். அதில் தட்டையாகப் பளபளத்த ஒன்றைத் தூக்கிக் காட்டி நான் “காரல்” என்றேன். “காரல்லா” என்று திருத்தினார். அதற்குப் பிறகு எங்களுக்குள் மொழிப் பிரச்சினை வரவில்லை. போகும்போது, “மல்லி, பாண் மட்டும் போதாது” என்பதைத் தமிழும் சிங்களமும் கலந்து சொல்லி, தன்னுடைய பையிலிருந்து பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை ஒரு பிடி தந்தார்.

அடுத்த கிழமை ஆறு மில்லிமீற்றர் கண் உள்ள நைலோன் வலைத் துண்டு ஒன்றை நிறுவைக்கு வாங்கி, மறுபடி எட்டு முடிச்சு. பாணோடு தேங்காய்ச் சக்கை. இந்த முறை வலை லேசாக வந்தது. மூன்றாவது இழுப்பில் ‘டக்’ என்று கயிற்றில் ஒரு அதிர்வு. குடையை விரித்த நிலையில் பிடித்து வைக்கும் அந்த வில்லு, தண்ணீரின் பாரம் தாங்காமல் உள்ளே போய்விட்டது. குழாய் கீழே சறுக்கியது, எட்டுக் கம்பியும் தண்டோடு ஒட்டிக்கொண்டன, குடை மூடிவிட்டது. தொலைந்தது என்று நினைத்து மேலே எடுத்தேன். வலை முழுவதும் ஒரு பையாகச் சுருண்டிருந்தது. பைக்குள் 23 மீன்.

உடனே புரிந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், வில்லு பழுதாகிவிட்டது என்று கம்பி வைத்துக் குழாயை இறுக்கிக் கட்டினேன். அடுத்த ஐந்து இழுப்பிலும் ஆறு மீனுக்கு மேல் இல்லை. ஒரு கம்பியும் வளைந்தது. வீட்டுக்கு வந்து மச்சானுக்குப் படம் அனுப்பினேன். “அத்தான், அது மூடத்தானே வேணும். விரிஞ்சபடி தூக்கினா மீன் நிற்குமா?” என்று பதில் வந்தது. அவருடைய கடை வலையில் அதற்கென்றே ஏற்பாடு இருக்கிறதாம்.

இப்போதிருக்கும் அமைப்பு இதுதான். வில்லை அரம் போட்டு முழுதாக எடுத்துவிட்டேன். பழைய சைக்கிள் டியூப்பில் விரலகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, தண்டின் உச்சிக்கும் அந்தக் குழாய்க்கும் இடையில் மாட்டினேன். றப்பர் குழாயை மேலே இழுத்து வைத்திருக்கும், அதனால் இறக்கும்போது குடை விரிந்திருக்கும். வேகமாகத் தூக்கினால் தண்ணீர் வலையைக் கீழே அமுக்கும், றப்பர் இழுபடும், குடை மூடும். தண்ணீருக்கு மேலே வந்ததும் பாரம் போய் மறுபடி விரிந்துவிடும், மீனை அள்ளலாம். வளையத்தின் பலத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். ஒரு வளையம் போட்டால் இறங்கும்போதே மூடுகிறது, மூன்று போட்டால் மூடவே மாட்டேன் என்கிறது. என் குடைக்கு இரண்டு. இந்த முழு வேலையிலும் எனக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அந்த இரண்டு றப்பர் வளையம்தான்.

ஆனால் பிடிப்பது சின்ன வேலை. பிடித்ததை வைத்திருப்பதுதான் வேலை. அது எனக்குத் தெரியாது.

அந்த 23 மீனையும் இருபது லீற்றர் வாளியில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். காலி வீதி நெரிசலில் முக்கால் மணிநேரம். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஓட்டோக்காரர், “அண்ணன், தண்ணி கேக்குது போல” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. வீட்டில் ஏறின கையோடு குழாயைத் திறந்து வாளியை நிரப்பினேன். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் மிச்சமில்லை. கொழும்புக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அது செவுளைச் சுடும். மகனுடைய கப்பித் தொட்டிக்கு ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரைத்தான் ஊற்றுவோம் என்பது தெரிந்த விஷயம். தெரிந்த விஷயம் அவசரத்தில் கைக்கு வராது. அதோடு அந்த மீன்கள் உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் இருந்தவை. திடீரென்று நல்ல தண்ணீர் பட்டதே ஒரு அடி.

மச்சானோ வெறும் வாளியில் ஷைனரை வைத்து, கராஜில் ஒரு கிழமை உயிரோடு வைத்திருக்கிறார். எனக்கு முக்கால் மணிநேரம்கூட முடியவில்லை. இது கெட்டித்தனத்தில் உள்ள வித்தியாசமல்ல, வெப்பத்தில் உள்ள வித்தியாசம். 0 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் 14.6 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.5, ஏறக்குறையப் பாதி. உப்புக் கலந்தால் இன்னும் குறையும். மறுபக்கத்தில், குளிரில் மீனின் உடம்பே மெதுவாகத்தான் இயங்கும், மூச்சுத் தேவை குறைவு. சூட்டில் இரண்டு மடங்கு அவசரம். ஆக அவருடைய வாளியில் வரவு அதிகம், செலவு குறைவு. என்னுடையதில் நேர்மாறு. எங்களுக்கு ஏரி உறையாது என்பது அவ்வளவு பெரிய சலுகையல்ல.

சரி, குளிரை நாமே செய்வோம் என்று இறங்கினேன். ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை முழுக்க உறைய வைத்து, மூடியோடு வாளிக்குள் விட்டேன். ஐஸ் கட்டியை நேரே போடக் கூடாது, கரைந்தால் அதே குழாய்த் தண்ணீர்தான். ஒரேயடியாகக் குளிர்த்தவும் கூடாது. வெப்ப நாட்டு மீன், 30இலிருந்து 24, 25க்கு மெல்ல இறங்கினால் போதும். போத்தலைக் கொஞ்சம் விட்டு, கொஞ்சம் எடுத்து, தேநீர் ஆற்றுகிற மாதிரி. மகனுடைய தொட்டியிலிருந்து காற்றுப் பம்பையும் கடன் வாங்கினேன். 2022இல் 13 மணிநேர மின்வெட்டு நடந்த நாட்களில், கப்பிகள் செத்துவிடும் என்று அவன் அழுததால் வாங்கின யூஎஸ்பி பம்ப் அது. பவர் பாங்கில் ஓடும்.

ஓடும் என்றுதான் நினைத்தேன். கரையில் போட்டுவிட்டுத் தூண்டிலைக் கவனித்தால், அரை நிமிடத்தில் குமிழி நின்றுவிடும். பொத்தானை அமத்தினால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். பம்ப் பழுது என்று கழற்றிப் பூட்டினேன், வயரை மாற்றினேன். பிழை பம்பில் இல்லை. பவர் பாங்க் தொலைபேசிக்கென்று செய்த சாமான். இவ்வளவு சின்ன மின்னோட்டம் போனால், தொலைபேசி நிரம்பிவிட்டது, இனி வேலையில்லை என்று நினைத்துத் தானே நின்றுவிடுகிறது. அதன் மற்றத் துளையில் ஒரு யூஎஸ்பி குட்டி லைற்றைச் செருகினேன். இரண்டும் சேர்ந்து இழுப்பதால் பவர் பாங்க் தூங்குவதில்லை. பட்டப்பகலில் கடற்கரையில் லைற் எரிகிறது என்று மூன்று பேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாளி வட்டமாக இருப்பது நல்லது. ரெஜிபோம் பெட்டிக்கு மாற்றிப் பார்த்தேன். சூடு ஏறாது, உண்மைதான். ஆனால் மீன்கள் மூலைக்குள் போய் முட்டி முட்டிச் செதில் உதிர்கிறது. இப்போது வட்ட வாளி ஒன்றைப் பெட்டிக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். இருபது லீற்றருக்குப் பதினைந்து மீன், அதற்கு மேல் ஆசைப்படுவதில்லை. காரல் என்றால் பத்துக்கூட நிற்காது, முதலில் சாகிற ஆள் அதுதான். மணலை முரட்டு ஆள், தாக்குப்பிடிக்கும். ஒரு நாள் தெரியாமல் ஒரு பேத்தைக் குஞ்சும் உள்ளே போய்விட்டது. அரை மணிநேரத்தில் பாதி மணலைக்கு வாலில்லை. மூலையில் அது மட்டும் வயிற்றை ஊதிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல நின்றது. இப்போது வலையை வாளியில் கொட்டுவதில்லை. ஒரு தட்டத்தில் தண்ணீர் வைத்து, அதில் பார்த்துப் பிரித்து, தெரியாத மீனையெல்லாம் அதே இடத்தில் விட்டுவிடுகிறேன்.

அதே இடத்தில் என்பதை அழுத்தித்தான் எழுதுகிறேன். உயிர் மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்து, அடுத்த ஞாயிறு பொல்கொட ஏரிப் பக்கம் கொண்டுபோகலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. மச்சானிடம் சொன்னேன். “அது இங்க செய்தா குற்றம் அத்தான்” என்றார். 2005இல் அமெரிக்க, கனடியப் பேரேரிகளில் விஎச்எஸ் என்கிற மீன் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, இரை மீனைக் கொண்டு திரிவதற்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு. ஒன்ராறியோவை வலயங்களாகப் பிரித்து, பிடித்த வலயத்துக்குள்ளேயே பாவிக்கச் சொல்கிறார்கள். வாளித் தண்ணீரைக்கூட வேறு நீரில் ஊற்றக் கூடாது.

நமக்கு அப்படி ஒரு வலயமும் இல்லையே என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், வாளியில் கொண்டுபோய்விட்டதன் விளைவு நம்முடைய கண் முன்னேதான் நீந்துகிறது. மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்த மீன். சோற்றுக்கு உதவியது, அதை மறுக்கவில்லை. ஆனால் தொட்டி அழகுக்கென்று வாங்கி, வளர்ந்ததும் கால்வாயில் விட்ட டாங்க் கிளீனரும் கத்தி மீனும் யாருக்கும் உதவவில்லை. நன்னீரில் இந்தத் தீவுக்கே உரிய சின்ன மீன்கள் இருக்கின்றன, பிடிப்பதே குற்றமானவையும் அதில் உண்டு. பெல்லன்வில–அத்திடியச் சதுப்பு நிலம் 1990இலிருந்தே சரணாலயம். அதனால் வயல் வாய்க்கால், சதுப்பு நிலம் எதிலும் குடையை இறக்குவதில்லை என்று முடிவு. முகத்துவாரத்தில் பிடித்தது அன்றைக்கே முகத்துவாரத்தில் உயிரோடு கொக்கிக்குப் போகும். மிஞ்சினது ஐஸுக்குப் போகும்.

ஐஸ் என்றதும் முழு நேரமும் பேலியகொட மீன் சந்தைதான் ஞாபகம். அங்கே செய்வதைத்தான் நானும் சின்ன அளவில் செய்கிறேன். ரெஜிபோம் பெட்டியில் உடைத்த ஐஸ் இரண்டு பங்கு, கடல் தண்ணீர் ஒரு பங்கு. கஞ்சிபோல ஒரு குழம்பு வரும். உப்புத் தண்ணீர் 0 பாகைக்குக் கொஞ்சம் கீழே போய்த்தான் உறையும், ஆகவே இந்தக் குழம்பு வெறும் ஐஸை விடக் குளிர். உயிர் மீனை அதில் விட்டால் சீக்கிரம் அடங்கும், உடம்பு கட்டியாக நிற்கும். செத்து அரை மணிநேரம் வெயிலில் கிடந்த மீனை எவ்வளவு உப்பில் போட்டாலும் அந்தக் கட்டி வராது. சந்தைச் சாளை ஏன் பறந்தது என்பது அன்றுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும் மீனை பழைய பேப்பரில் பரத்தி ஈரம் ஒற்றி எடுப்பேன். ஒரு தட்டத்தில் கல்லுப்பு, மேலே ஒரு வரிசை மீன், மேலே மறுபடி உப்பு. உப்போடு ஒரு கரண்டி அப்பச்சோடா கலந்தால் செதிலின் வெள்ளி நிறம் மங்காமல் இருக்கிறது. தூள் உப்பு வேண்டாம், அது மேற்தோலைச் சுட்டு இறுக்கிவிடும், உள்ளே போகாது. 2025இல் உப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது கடைக்குக் கடை அலைந்ததை நினைத்தால், மீனுக்குக் கீழே இவ்வளவு உப்பைக் கொட்டக் கை கூசுகிறது. காலையில் தட்டம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். அதை ஊற்றிவிட்டு இன்னொரு தரம் உப்பு. இரண்டாம் நாள் மீனை இரண்டு விரலால் வளைத்தால் றப்பர்போல வளைந்து நிமிர வேண்டும். அதுதான் பதம்.

பிறகு பொதி. ஒரு பொதிக்குப் பத்து, காற்றை அமத்தி வெளியேற்றித் தட்டையாக அடுக்குவேன். உப்பேறின மீன் வீட்டு பிரிட்ஜின் உறைதட்டில் கல்லாக உறைவதில்லை. நிறைய உப்புக் கரைந்த தண்ணீர் உறைய மைனஸ் 21 பாகை வேண்டும், நம்முடைய பெட்டி மைனஸ் 18ஓடு நின்றுவிடும். அது எனக்கு வசதி. கரையில் வைத்து உருக விடத் தேவையில்லை, பொதியைத் திறந்து நேரே குத்தலாம்.

அந்த மார்க்கர் எழுத்து. மாசியில் ஒரு சனிக்கிழமை மாமி வந்திருந்தார். நான் வேலையால் வரும்போது, குசினியில் ஒரு சட்டியில் என் இருபது மணலைக் குஞ்சுகளும் ஊறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தயார். “நெத்தலி கொஞ்சம் பெருசா கிடந்தது தம்பி, பொரிச்சு வைப்பமெண்டு” என்றார். கால்வாய்கள் எல்லாம் வந்து விழுகிற தண்ணீரில் பிடித்தது என்று விளக்கினேன். மாமி சட்டியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். “அப்ப அந்த மீனைத் தின்ற மீனை நீ என்ன செய்யிறாய்?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அந்தப் பக்கம் பிடிக்கும் பெரிய மீனையும் நான் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. படம் எடுத்துவிட்டு விடுவேன், அல்லது அந்த ஐயா கேட்டால் கொடுப்பேன். மாமிக்கு இந்தப் பதில் முந்தினதை விட மோசமாகப் பட்டது.

பலன் என்ன என்றால், உயிர் மணலைக்கு ஒரு கொடுவா வந்தது, கரைக்கு ஐந்தடியில் தலையை ஒரு உதறு உதறிப் போனது. உப்பு மணலைக்கு இதுவரை மூன்று பாரை, பெரியது ஒன்றரைக் கிலோ இருக்கும். நண்டுகள் தின்ற கணக்கை எழுதவில்லை. ஆனால் ஒரு மீன்கூட எறியும்போது கொக்கியை விட்டுப் பறக்கவில்லை. செலவைக் கூட்டிப் பார்த்தால் சாளை வாங்குவது மலிவு. அதைக் கூட்டிப் பார்க்கச் சொன்னது மனைவி.

பௌர்ணமியையொட்டித் தண்ணீர் நன்றாக ஓடும். கொழும்பில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்கும் குறைவுதான், ஆனாலும் அந்த நாட்களில் மணலைக் கூட்டம் கரையோரம் வரும். எனக்கு லீவும் அன்றுதான். ஆனால் போயா தினத்தில் அந்த ஐயா வலை எறிவதில்லை, வெள்ளை உடுத்து விகாரைக்குப் போவதைக் கண்டிருக்கிறேன். அவர் பார்க்கிற இடத்தில் குடையை இறக்க எனக்கும் மனம் வரவில்லை. போயாவுக்கு மறுநாள் வேலைக்குப் பிந்திப் போவதுதான் ஒரே வழி.

போன கிழமை மச்சான் எடுத்தார். சிம்கோவில் ஐஸ் உடைந்துவிட்டதாம், அவருடைய வலை கராஜுக்குப் போய்விட்டது. இங்கே மே வந்தால் தென்மேற்குக் காற்றுத் தொடங்கும், கரையில் நிற்க முடியாது. என் வலைக்கும் ஓய்வு. அதற்கு முன் வளைந்த கம்பியையும் துருப்பிடித்த இன்னொன்றையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் பூசியும் மூட்டுகள் செங்கல் நிறமாகிவிட்டன.

புறக்கோட்டையில் நடைபாதையில் குடை திருத்தும் ஒருவரிடம் கொண்டுபோனேன். வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“துணி எங்கண்ணே?”

“துணி வேணாம். வலைதான்.”

“மழைக்கு?”

“மீனுக்கு.”

மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைக் கிண்டி ஏதோ செத்துப்போன குடையிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்தார். குறட்டால் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்ட ஐந்து நிமிடம். றப்பர் வளையத்தை விரலால் சுண்டிப் பார்த்து, “இது நல்லாயிருக்கே” என்றார். பிறகு, எல்லாக் குடைக்கும் செய்வதுபோல, மிச்சமிருந்த தண்டைப் பிடித்து விரித்து, தலைக்கு மேலே உயர்த்தி ஒரு சுழற்றுச் சுழற்றினார். வலைக்குள் எங்கேயோ ஒட்டியிருந்த இரண்டு காய்ந்த செதில்கள் அவருடைய தொப்பியில் விழுந்தன.